ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்: மங்காவா, 2001ஆ, 2019ஆ?

ஃப்ரூட்ஸ் பாஸ்கெட் தொடங்கலாம் என்றிருக்கிறேன் என்று ஒருவர் வாய் திறந்தால் போதும், மூன்று ரசிகர்கள் மூன்று பக்கம் இழுப்பார்கள். ஒருவர் நட்சுகி தகாயா வரைந்த 23 தொகுதி மங்காவை, அதாவது மூலமான ஜப்பானியப் படக்கதையை, கையில் திணிப்பார். இன்னொருவர், அதை வைத்து 2019இல் தொடங்கி 2021இல் முடிந்த அனிமே (ஜப்பானிய அசைபடத் தொடர்) இருக்கும்போது வேறெதற்கு என்பார். மூன்றாமவர் பெரும்பாலும் வயதில் சற்று மூத்தவராக இருப்பார். 2001 அனிமேயின் தொடக்கப் பாடலை முணுமுணுத்தபடி, அந்த இதம் பிறகு வரவே இல்லை என்று பெருமூச்சு விடுவார். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் புதிதாக வருகிறவருக்கு மூன்றையும் முடிக்க நேரம் ஏது? என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் மங்காவின் பக்கம். அதற்காக மற்ற இரண்டையும் குறைத்துப் பேசப்போவதில்லை. மங்காவின் முதல் சில தொகுதிகளைத் தாண்ட முடியாமல் கைவிட்டவர்களையும் எனக்குத் தெரியும்.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். தோரு ஹோண்டா பதினாறு வயதுப் பள்ளி மாணவி. தந்தை அவளது சிறுவயதிலேயே இறந்துவிட்டார். தாய் கியோகோ சாலை விபத்தில் இறந்து அதிக நாள் ஆகவில்லை. தங்க இடமில்லாமல் ஒரு காட்டுச் சரிவில் கூடாரம் போட்டுக்கொண்டு, பகலில் பள்ளிக்கும் மாலையில் கட்டடங்களைத் துப்புரவு செய்யும் வேலைக்கும் போய்வருகிறாள். அந்த நிலம் சோமா என்ற பெரிய குடும்பத்துக்குச் சொந்தம். மண் சரிந்து கூடாரம் புதைந்துபோக, அந்தக் குடும்பத்து எழுத்தாளனான ஷிகுரேயின் வீட்டில் அவளுக்கு ஓர் அறை கிடைக்கிறது. அங்கே ஏற்கெனவே யூகி இருக்கிறான். கூரையைப் பிய்த்துக்கொண்டு கியோவும் வந்து விழுகிறான். சோமாக்களில் 13 பேருக்கு ஒரு சாபம் உண்டு: சீன ராசிச் சக்கரத்தின் 12 விலங்குகளும், சக்கரத்தில் இடம் கிடைக்காத பூனையும் அவர்களைப் பிடித்திருக்கின்றன. எதிர்பாலினத்தவர் கட்டிப்பிடித்தால் விலங்காக மாறிவிடுவார்கள். யூகி எலி, கியோ பூனை. கடவுள் வைத்த விருந்துக்கு எலி நாள் மாற்றிச் சொல்லிப் பூனையை ஏமாற்றியது என்ற பழங்கதைதான் எல்லாவற்றுக்கும் விதை. (வியட்நாமியரின் ராசிச் சக்கரத்தில் முயலின் இடம் பூனைக்குத்தான். கியோ அங்கே பிறந்திருந்தால் பாதிக் கதை மிச்சம்.)

ஹகுசென்ஷா நிறுவனத்தின் ‘ஹனா டு யுமே’ என்ற மாதமிருமுறை இதழில் 1998 முதல் 2006 வரை வந்த தொடர் இது. மொத்தம் 136 அத்தியாயங்கள். 2001இல் கோடான்ஷா மங்கா விருது பெற்றது. உலகம் முழுவதும் 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. இவ்வளவு பேரை இத்தனை ஆண்டுகளாகப் பிடித்து வைத்திருப்பது எது? முதல் பார்வைக்கு, தோருவுக்கு யார் பொருத்தம் என்று யூகி கட்சி, கியோ கட்சி போடும் சண்டை தெரியும். தன் பிறந்த ஆண்டுக்குரிய விலங்கு எது, அந்த விலங்குக்குரிய சோமா யார் என்று தேடிப் பார்க்காத ரசிகரும் இருக்க முடியாது. ஆனால் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் கண் கலங்கப் பேசுவது காதலைப் பற்றி அல்ல, குடும்பத்தைப் பற்றி. தன்னைப் பெற்றவளின் நினைவிலிருந்தே தான் அழிக்கப்பட்டதைச் சிரித்த முகத்தோடு சொல்லும் மோமிஜியைப் பற்றிப் பேசுவார்கள். பள்ளியில் கேலிக்கு ஆளாகிப் பேச்சையே நிறுத்திவிட்ட புலிப் பெண் கிசாவைப் பற்றிப் பேசுவார்கள்.

கிசாவின் அத்தியாயத்தில் ஒரு கடிதம் வருகிறது. பள்ளிக்கு வர மறுக்கும் சிறுமிக்கு ஆசிரியர் எழுதியது: முதலில் உன்னை நீயே விரும்பக் கற்றுக்கொள் என்கிற தொனியில். படித்துவிட்டு யூகி குமுறுகிறான். தன்னிடம் எது நல்லது என்று தேடத் தெரியாததால்தானே ஒருவர் தன்னையே வெறுக்கிறார்? வேறொருவர் வந்து ‘உன்னைப் பிடித்திருக்கிறது’ என்று சொன்ன பிறகுதான் தன்னைப் பிடிக்கவே தொடங்கும் என்கிறான். சுயமுன்னேற்றப் புத்தகங்கள் நேர்மாறாகச் சொல்லிக்கொண்டிருக்க, ஒரு பதின்ம வயதுப் பையன் இதைச் சொல்கிறான். ரசிகர்களின் பற்று இப்படிப்பட்ட இடங்களில்தான் வேர் பிடிக்கிறது. ஆகவே எந்த வடிவத்தை எடுப்பது என்ற கேள்விக்கு என் அளவுகோல் ஒன்றே: இந்த இடங்களை எது சிந்தாமல் கொண்டுவந்து சேர்க்கிறது?

முதலில் 2001 அனிமே. ஸ்டுடியோ டீன் தயாரிப்பு, இயக்கம் அகிதாரோ டைச்சி, 26 எபிசோடுகள். ஜூலையில் தொடங்கி அந்த ஆண்டு இறுதியிலேயே முடிந்துவிட்டது. டைச்சிக்கு நகைச்சுவையின் நேரம் நன்றாகத் தெரியும். கியோவும் யூகியும் மோதிக்கொள்ளும் இடங்களில் இப்போதும் வாய்விட்டுச் சிரிக்கலாம். ரிட்சுகோ ஒகசாகி எழுதிப் பாடிய தொடக்கப் பாடல், ஆர்ப்பாட்டமில்லாமல் தாலாட்டுப் போல ஒலிக்கும். அவர் 2004இல் காலமாகிவிட்டார். அந்தத் தலைமுறை ரசிகர்களுக்கு அந்தப் பாடலும் தொடரும் வேறுவேறல்ல.

ஆனால் ஓர் அடிப்படைச் சிக்கல். அப்போது மங்கா பாதிகூட வரவில்லை. அனிமே முதல் ஆறு தொகுதி அளவுக்குத்தான் போகிறது. பிறகு தோரு சோமா குடும்பத் தலைவரான அகிதோவை நேரில் சந்தித்துப் பேச, அத்துடன் முடித்துக்கொள்கிறது. குதிரையான ரின் வரவில்லை, சேவலான குரேனோ வரவில்லை, சாபம் என்ன ஆயிற்று என்பதும் இல்லை. அகிதோவைப் பற்றிப் பின்னால் தெரியவரும் ஒரு முக்கியமான உண்மையோ அன்றைக்கு எவருக்கும் தெரியாது. அதை நான் சொல்லப்போவதில்லை. அந்த அனிமேயில் தகாயாவுக்கே திருப்தி இல்லை. பிற்பாடு மறுபடி எடுக்கும் பேச்சு வந்தபோது, குரல் கலைஞர்கள் உட்பட எல்லாம் புதிதாக இருக்கவேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். முதல் அறிமுகமாக 2001ஐ நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். முழுக் கதையும் அறிந்த பிறகு, ஒரு மழை நாளில் பழைய ஆல்பத்தைப் புரட்டுகிற மனநிலையில் பார்த்தால் அதன் இனிமை தெரியும்.

அடுத்து 2019. டிஎம்எஸ் என்டர்டெயின்மென்ட் தயாரிப்பு, இயக்கம் யோஷிஹிதே இபாட்டா. தகாயாவே மேற்பார்வை பார்த்தார். மூன்று சீசன்கள்: 25, 25, 13 என்று 63 எபிசோடுகள். கதை முடிகிறது. அந்த ஒரு சொல்லுக்காகவே பாதிப் பேர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதில் தவறும் இல்லை. முதல் சீசன் நிதானமாக நடக்கிறது. ஹதோரியின் கதையைச் சொல்லும் எபிசோடைப் பாருங்கள். அவன் டிராகன், ஆனால் மாறும்போது உள்ளங்கையில் அடங்கும் கடல்குதிரையாகிவிடுவான் என்ற நகைச்சுவையில் ஆரம்பிக்கும். பிறகு, தான் காதலித்த கானாவின் நினைவுகளைத் தன் கையாலேயே அழிக்க வேண்டி வந்ததை அவன் சொல்வான். பனி உருகினால் என்னவாகும் என்ற கேள்விக்கு, தண்ணீர் என்று சொல்லாமல் வசந்தம் என்று பதில் வரும். பனி, இசை, இடையில் விழும் மௌனம் எல்லாம் கூடிவரும் அந்த இடத்தில் திரைதான் ஜெயிக்கிறது. மங்கா விசுவாசியான நானே ஒப்புக்கொள்கிறேன்.

கோளாறு மூன்றாவது சீசனில். முதல் சீசன் 25 எபிசோடுகளில் கிட்டத்தட்ட ஆறு தொகுதிகளைச் சொன்னது. கடைசி சீசனோ 13 எபிசோடுகளில் ஏறத்தாழ ஏழு தொகுதிகளை அடைக்கப் பார்க்கிறது. வேகம் இரண்டு மடங்காகிவிடுகிறது. அடிபடுவது யார் என்றால், யூகியைச் சுற்றியிருப்பவர்கள்: மாணவர் பேரவை, மச்சி, ககேரு. ககேருவின் காதலி கொமாகிக்கும் கியோகோ இறந்த விபத்துக்கும் இடையே மங்காவில் ஒரு தொடர்பு உண்டு. அனிமேயில் அது இல்லவே இல்லை. அந்தத் தொடர்பு தெரியாவிட்டால், தோருவிடம் ககேரு ஏன் ஒருமுறை அப்படிக் கடுமையாக நடந்துகொண்டான் என்பதும், துக்கத்தை அவரவர் எப்படிச் சுமக்கிறார்கள் என்பதும் கைநழுவிப் போகின்றன. தோருவின் பெற்றோரான கியோகோ, கட்சுயா இருவரின் கடந்தகாலமும் சீசனில் விடுபட்டது. அதை 2022 பிப்ரவரியில் வெளியான ‘ப்ரீலூட்’ திரைப்படத்தில் கொண்டுவந்தார்கள். அந்தப் படத்தின் முதல் பகுதி பழைய காட்சிகளின் தொகுப்பு. பொறுத்துக்கொண்டால் பிறகு கியோகோவின் கதையும், இறுதியில் தோருவும் கியோவும் வரும் புதிய காட்சியும் கிடைக்கும்.

இனி மங்கா. குறையிலிருந்து தொடங்குகிறேன். முதல் தொகுதிகளின் ஓவியம் பலருக்கு ஒட்டாது. கூர்மோவாய், முகத்தில் பாதியை அடைக்கும் கண்கள், யார் பேசுகிறார் என்று விரல் வைத்துத் தேட வேண்டிய நெரிசலான கட்டங்கள். போகப்போகக் கோடு மாறுகிறது. முகங்கள் அமைதியாகின்றன, கட்டங்களுக்கிடையே வெள்ளை கூடுகிறது. இந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு வலியும் உண்டு. தகாயா இடக்கைக்காரர். தொடர் வந்துகொண்டிருந்தபோது வரையும் அந்தக் கையிலேயே எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டார். தொடர் சில காலம் நின்றது. முதல் தொகுதியையும் இருபதாம் தொகுதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு பேர் வரைந்ததோ என்று தோன்றும்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் மங்காவின் பக்கம் நிற்கிறேன்? மூன்று வடிவங்களிலும் இருக்கும் ஒரே காட்சியை எடுத்துக்கொள்வோம். தலைப்பில் உள்ள ஃப்ரூட்ஸ் பாஸ்கெட், அதாவது பழக்கூடை என்பது குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்து ஆடும் ஆட்டம். ஆளுக்கொரு பழத்தின் பெயர்; தன் பழத்தை அழைக்கும்போது எழுந்து ஓட வேண்டும். சின்ன வயதில் தோருவுக்கு மற்றப் பிள்ளைகள் குறும்பாக வைத்த பெயர் சோற்றுருண்டை. அவளோ கேலி புரியாமல், எப்போது அழைப்பார்கள் என்று ஆசையோடு காத்திருந்தாள். பழக்கூடையில் சோற்றுருண்டைக்கு என்ன வேலை? அழைப்பு வரவே இல்லை. பிற்பாடு தாத்தா வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள். அங்கே உறவினர்கள் அவளைச் சாடைமாடையாகக் குத்திப் பேசுகிறார்கள். தாத்தா மட்டும் பரிவோடு நடத்துகிறார். பேத்தியை இறந்துபோன மருமகளின் பெயர் சொல்லியே அழைக்கிறார். அந்த வீட்டு வாசலுக்கு யூகியும் கியோவும் வந்து நிற்கிறார்கள். உங்களுக்கு வேண்டாமென்றால் எங்களுக்குக் கொடுங்கள் என்கிறான் யூகி. கியோ அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடக்கிறான்.

அனிமே இரண்டும் இதை நன்றாகவே செய்திருக்கின்றன. இசை ஏறும், குரல் தழுதழுக்கும், நமக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் எந்த நொடியில் அழ வேண்டும் என்பதை இசை தீர்மானித்துவிடுகிறது. மங்காவிலோ தோருவின் மனக்குரல் பேச்சுக் குமிழிக்குள் இல்லை. வரிகள் தனித்தனியாக, பின்னணி ஏதுமில்லாத வெள்ளையில் மிதக்கின்றன. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே எவ்வளவு நேரம் நிற்பது என்பது வாசகரின் கையில். பிறர் மனம் நோகக் கூடாது என்பதற்காகத் தன் மனதில் இருப்பதைச் சொல்லாமல் விழுங்கும் பெண் தோரு. அவள் சொல்லாமல் விட்டதைக் கேட்பதற்கு அந்த வெள்ளை இடம் தேவைப்படுகிறது. அகிதோவுக்கும் அப்படித்தான். அனிமேயின் கடைசி சீசனில் அகிதோவின் மாற்றம் சட்டென்று நடந்துவிட்டதாக மனத்தாங்கல் கொள்ளும் ரசிகர்கள் உண்டு. மங்கா படித்தவர்களிடம் அந்தக் குறை அவ்வளவாகக் கேட்பதில்லை. மன்னிக்கலாமா கூடாதா என்றுதான் அவர்கள் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. நானும் ஒரு பக்கம் தீர்மானமாக நிற்க முடியாமல்தான் இருக்கிறேன்.

எந்த வடிவத்தை எடுத்தாலும் நெருடுகிற சில விஷயங்கள் உண்டு. கியோமீது ஆசை வைத்திருக்கும் காகுரா அவனை அடித்துத் துவைப்பது நகைச்சுவையாகவே காட்டப்படுகிறது. முதல் தடவைக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. கியோகோவும் கட்சுயாவும் சந்திக்கும்போது அவள் நடுநிலைப்பள்ளி மாணவி, அவர் பயிற்சி ஆசிரியர். அந்தக் காதலைக் கதை எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும், இன்று படிப்பவர் புருவம் உயர்த்தாமல் கடக்க முடியாது. தீவிர ரசிகர்களே இதைப் பூசி மெழுகுவதில்லை. ஒரே குடும்பத்துக்குள் காதல் என்பதற்கு வேறு நாட்டு வாசகர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்ற பேச்சு காதில் விழுந்தே வளர்ந்த நமக்கு அது அவ்வளவு பெரிய அதிர்ச்சியாக இருக்காது.

நேரக் கணக்கு பலரைத் தவறாகப் பயமுறுத்துகிறது. 23 தொகுதி என்றதும் மலைப்பார்கள். ஒரு தொகுதி ஏறத்தாழ இருநூறு பக்கம். பழகிய வாசகருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. 63 எபிசோடுகளோ சுமார் 25 மணி நேரம். ஆக இரண்டும் ஒன்றுதான். பணக் கணக்கு வேறு. அச்சுத் தொகுதிகளை மொத்தமாக வாங்குவது நம் ஊரில் எளிதான செலவல்ல. யென் பிரஸ் வெளியிட்ட ஆங்கிலச் சேகரிப்புப் பதிப்பு, 23ஐயும் 12 தடித்த தொகுதிகளாகச் சுருக்கியிருக்கிறது. அலமாரியில் வைக்க அழகு, படுத்துக்கொண்டு படிக்கக் கனம். மின்னூலாகவும் கிடைப்பதால், ஒன்றிரண்டு தொகுதி வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். மங்கா பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்று: வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முதல் அரைமணி நேரம் தடுமாறும், பிறகு மறந்தே போகும்.

அனிமே என்று முடிவெடுத்தால் எந்தக் குரலில் கேட்பது? ஆங்கில டப்பிங்குக்கு ஒரு தனிக் கவர்ச்சி உண்டு. ஜப்பானியக் குரல்கள் முழுவதும் மாறிவிட்ட நிலையில், 2001 பதிப்புக்கு ஆங்கிலத்தில் குரல் கொடுத்த லாரா பெய்லி, ஜெர்ரி ஜூவல், எரிக் வேல் ஆகியோர் அதே தோருவாகவும் கியோவாகவும் யூகியாகவும் 2019இல் திரும்பி வந்தார்கள். பழைய ரசிகர்கள் கொண்டாடித் தீர்த்துவிட்டார்கள். இருந்தும் நான் ஜப்பானியக் குரலைத்தான் சொல்வேன். தோரு நெருங்கிய தோழிகளிடம்கூட மரியாதை வழக்கிலேயே பேசுகிறாள். ஆரம்பத்தில் அது வெறும் அடக்கம்போலத் தெரியும். அவள் ஏன் அப்படிப் பேசத் தொடங்கினாள் என்பது கதையின் பிற்பகுதியில் தெரியவரும்போது, முதல் எபிசோடிலிருந்து கேட்டுவந்த குரல் முழுவதும் வேறு மாதிரி ஆகிவிடும். 2019இல் தோருவுக்கு ஜப்பானியக் குரல் கொடுத்த மனாகா இவாமியின் குரலில் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

சரி, யார் எதை எடுப்பது? படக்கதைகள் படித்துப் பழகியவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், மங்காவின் முதல் தொகுதி. ஓவியம் உறுத்தினால் நான்காம் தொகுதிவரை பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். அதற்குள் மனிதர்கள் பிடித்துப்போவார்கள், மோவாய் கண்ணில் படாது. வேலை முடிந்து வந்து படிக்கத் தெம்பில்லை, ஆனால் கதை முழுவதும் வேண்டும் என்பவருக்கு 2019. வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்ப்பதற்கும் அதுவே. ஆனால் இரண்டாம் சீசனிலிருந்து பெற்றோர் பிள்ளைகளை வதைக்கும் காட்சிகள் கனக்கும். ரின்னின் கதை வரும்போது பக்கத்தில் இருங்கள்.

என்னிடம் கேட்கிற பெரும்பாலானோருக்கு நான் சொல்வது ஒரு கலப்பு வழி. 2019இன் முதல் இரண்டு சீசன்களைப் பாருங்கள். அந்த 50 எபிசோடுகளும் நிதானம் குறையாதவை. இரண்டாம் சீசன் முடியும் தறுவாயில் அகிதோ பற்றிய அந்த உண்மை வெளிவரும். அங்கே நிறுத்திவிட்டு மங்காவுக்கு மாறுங்கள். சேகரிப்புப் பதிப்பில் எட்டாம் தொகுதியிலிருந்து எடுத்தால், விட்ட இடம் கொஞ்சம் முன்னதாகவே கிடைத்துவிடும். அனிமே தவறவிட்ட சிலவும் கையில் வரும். ஓவியமும் அதற்குள் தேறியிருக்கும், எல்லோருடைய முகமும் குரலும் மனதில் இருக்கும். மூன்றாம் சீசனை மங்கா முடித்த பிறகு பார்த்தால், அவசரத்தில் விட்டுப்போனவற்றை மனம் தானாக இட்டு நிரப்பிக்கொள்ளும். யூகி தோருவிடம் தேடியது காதலா, வேறொன்றா என்ற கேள்விக்கு யூகியே பதில் சொல்லும் இடம் இரண்டாம் சீசனில் வந்துவிடும். அதுவரை எந்தக் கட்சியிலும் சேர வேண்டாம்.

‘ப்ரீலூட்’ என்ற பெயரைப் பார்த்து முதலில் அதைப் போட்டுவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் முடிவு அதில் இருக்கிறது. அடுத்த தலைமுறையைப் பற்றி தகாயா பின்னர் வரைந்த ‘அனதர்’ தொடரும் அப்படியே. யார் யாரை மணந்தார்கள் என்பது பிள்ளைகளின் முகத்திலேயே தெரிந்துவிடும். அது கடைசியில்தான்.